மார்செய்க்கு வாரேனுங்க

கடலை ஒட்டி மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பெஞ்சு கட்டி வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், எழுந்திரு என்று ஒருத்தரும் சொல்வதில்லை என்று அந்த அக்கா என்னிடம் சொன்னார். நான் அப்போது சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல்களைக் கம்பெனியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சிலிப்பில் அவர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊரில் என்று கேட்டேன்.

"மார்செய்லங்க. பிரான்சு. உக்காந்து கடலைப் பாக்கறதுக்குன்னே கட்டுனதுங்க. ஓசிதான்" என்றார்.

ஓசி என்ற சொல்லை எல்லோரும் கொஞ்சம் கேவலமாகத்தான் சொல்வார்கள். ஓசி டீ, ஓசிப் பீடி என்று நானே நிறையக் கேட்டிருக்கிறேன், எனக்குச் சொல்லப்பட்டும் இருக்கிறது. அவர் சொல்லும்போது அதில் ஒரு பெருமை இருக்கும். அந்த ஊரில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை. துறைமுகத்தில் காலையில் மீன்காரிகள் கூவி விற்பதைப் பார்ப்பது ஓசி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் இறங்க நூற்றுநான்கு படி. அந்தப் படியில் உட்கார்ந்தால் பாதி ஊர் தெரியும், ஓசி. மலைமேல் மாதா கோயில், ஏறிப் போகக் கால் இருந்தால் போதும். கோயிலுக்குள் சின்னச் சின்னக் கப்பலாகச் செய்து தொங்கவிட்டிருப்பார்களாம். கடலில் தப்பித்து வந்தவர்களின் வேண்டுதல். கடலுக்குள் ஒரு தீவு, அதில் பழைய ஜெயில். படகில் போனால்தான் டிக்கெட்டு.

"கரையில நின்னு ஜெயிலைப் பாக்கறதுக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்களாமுங்க" என்றார்.

அவர் அங்கே நாலைந்து வருடமாவது இருந்துவிட்டு வந்தவர் என்று நான் நினைத்துக்கொண்டேன். கம்பெனியில் புதிதாகச் சேர்கிற எல்லோரும் முதல் மாதம் அப்படித்தான் நினைப்பார்கள்.

அது திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பனியன் கம்பெனி. தொண்ணூற்று நாலோ ஐந்தோ இருக்கும். நான் ஏழாவதோடு நின்றவன். அதற்குள் லாரி கிளீனர், கொப்பரைக் களத்துக் காவல், புரோட்டாக் கடை எல்லாம் பார்த்துவிட்டு இங்கே வேன் ஓட்ட வந்திருந்தேன். தங்க இடம் தரவில்லை. வேனிலேயே துணி ரோலுக்கு மேல் படுத்துக்கொள்வேன். நல்ல மெத்தைதான், சாய நெடி மட்டும் தொண்டையைப் பிடிக்கும்.

அக்கா இருந்தது பேக்கிங் செக்ஷனுக்குப் பக்கத்தில் பலகையால் அடைத்த ஓர் அறை. ஒரு பக்கம் கண்ணாடி, அதுவும் பேக்கிங் செக்ஷனைப் பார்த்து. வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது. கம்பெனியிலேயே முதலாளி அறைக்கு அடுத்து அங்கேதான் ஏசி, அதுவும் ஃபேக்ஸ் மெஷினுக்காக. மெஷின் சூடாகக் கூடாது என்று குளிரை ஏற்றி வைத்திருப்பார்கள். அக்கா சேலைக்கு மேல் ஏற்றுமதியில் தேறாமல் கழித்த முழுக்கை பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மார்பில் பிரெஞ்சில் ஏதோ எழுதி, ஓர் எழுத்து தலைகீழாக அச்சாகியிருக்கும்.

வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகிற கடிதம் எல்லாம் அவர் கையால்தான். பி.காம். படித்தவர், அதுவும் தபாலில். இங்கிலீஷ் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படிந்தது. பெரிய ஆர்டர் மார்செய்க்காரர்களுடையது. அங்கே அந்தக் கம்பெனியில் இவர் மாதிரியே கடிதம் பார்க்கிற அம்மா ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வயது. இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அதனாலேயே ஒருவர் எழுதியது ஒருவருக்கு நன்றாகப் புரிந்தது. எத்தனை டஜன், என்ன நிறம், எந்தக் கப்பல் என்று எழுதி முடித்த பிறகு தாளின் அடியில் இடம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில்தான் மார்செய் வந்தது. ஒருநாள் பெஞ்சு, ஒருநாள் படி, ஒருநாள் காற்று. எங்கள் ஆடிக்காற்று மாதிரி அங்கேயும் ஒரு காற்று உண்டாம், அடிக்க ஆரம்பித்தால் மூன்று நாளைக்கு நிற்காதாம். அந்தம்மாவும் கைச்செலவுக்கு யோசிக்கிற ஆளாக இருந்திருக்க வேண்டும், சொன்னதெல்லாம் ஓசியில் பார்ப்பதாகவே இருந்தது.

அந்தம்மா கையால் வரைந்து அனுப்பிய ஊர்ப்படம் ஒன்று அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. ஃபேக்ஸ் தாளில் எழுத்து வெளிச்சம் பட்டால் ஆறே மாதத்தில் வெளுத்துவிடும். அந்த அறைக்கு வெயில் வர வழியில்லாததால் படம் அப்படியே இருந்தது.

நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம் ஆகும்போதுதான் அங்கே காலையில் ஆபீஸ் திறப்பார்கள். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்தம்மா இப்பத்தான் காப்பி குடிச்சுப்போட்டு படி இறங்கி வரும்" என்பார். பிறகு படத்தில் விரலை வைத்து, இன்றைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று என்னைக் கேட்பார். நான் ஏதாவது ஒரு கோட்டைக் காட்டுவேன். அது எந்தத் தெரு, எங்கே முட்டும், முனையில் என்ன கடை என்று அவர் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்துவார். தவறான சந்துப் பக்கம் காட்டிவிட்டால், "அங்க போகாதீங்க டிரைவருங்க, ஏத்தம் சாஸ்தி" என்று தடுப்பார். நான் பல ஊர் சுற்றியவன். எந்த ஊரையும் அவ்வளவு நிதானமாக நடந்து பார்த்ததில்லை.

செக்கிங் செக்ஷன் பெண்கள் அவரை விடமாட்டார்கள். "ஏனுங்கக்கா, மார்செய்ல இன்னைக்கு என்ன கொழம்புங்க?" என்று ஒருத்தி கேட்பாள்.

"மீனுங்க. நமக்கு ஆகாது. பாத்துப்போட்டு வந்தரலாம்" என்று அவர் சிரிக்காமல் பதில் சொல்வார். அதற்கே அவர்கள் அரை மணி நேரம் சிரிப்பார்கள்.

அக்காவுக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு இருக்கும். கட்டிக்கொடுத்து இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவர். அண்ணன் வீட்டில் இருந்தார். முதலாளி அவருக்குத் தூரத்து உறவில் மாமா முறை, அதனால் அண்ணன் வேலைக்கு அனுப்பச் சம்மதித்தார். காலை ஒன்பதுக்கு டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் ஏழரைக்கு வந்து கேட்டுக்கு வெளியே இரண்டு ஹாரன் அடிப்பார். மூன்றாவது ஹாரன் அடிக்க விட்டு நான் பார்த்ததில்லை. முதல் ஹாரனுக்கே "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, எழுதிக்கொண்டிருக்கிற ஃபேக்ஸின் அடியில் ஒரு வரி எழுதி மெஷினில் விடுவார்.

அந்த வரியை ஒருநாள் எனக்குப் படித்துக் காட்டினார். ஐ ஆம் கமிங். வாரேன் என்று அர்த்தம். எங்கள் பக்கம் கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்வாரா? சாவு வீட்டில்தான் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவோம். மற்ற இடத்தில் வாரேனுங்க என்றுதான் படியிறங்குவோம். நம்ம மரியாதை அந்தம்மாவுக்கும் தெரியட்டும் என்று தினமும் அதை எழுதுவதாகச் சொன்னார். அந்தம்மா ஆரம்பத்தில் எப்போது, எப்போது என்று கேட்டிருக்கிறது. இவர் அதை அங்கத்து மரியாதை என்று எடுத்துக்கொண்டு, "சூன்" என்று பதில் போட்டிருக்கிறார். சீக்கிரம்.

அந்த வருடம் முதலாளி முதன்முதலாக மார்செய்க்குக் கிளம்பினார். பாரிஸில் ஒரு கண்காட்சி, அங்கிருந்து சனிக்கிழமை காலை ரயிலில் மார்செய். இந்த விவரத்தை எல்லாம் அக்காதான் ஃபேக்ஸில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடியில் வழக்கம்போல வாரேன் என்று எழுதினார்.

முதலாளி திரும்பி வந்து பேக்கிங் செக்ஷனில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்ன கதை இது. ரயிலை விட்டு இறங்கி வெளியே வருகிறார். படிமேல் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, காலுக்கு நல்ல நடைச்செருப்பு, ஒரு கையில் இரண்டு குடை, இன்னொரு கையில் அட்டை. அட்டையில் முதலாளி பெயர் இல்லை. அக்காவின் பெயர்.

"எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடலை. எறங்குனது நானு. கெழவி என்னையத் தாண்டி எட்டி எட்டிப் பாக்குது. நம்ம அம்மணியத் தேடுதுங்கறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவும் சிரித்தார். பனியன் கையை இழுத்து விரல்வரை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். கிழவி ரயிலில் வந்த கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றதாம். மழை இல்லை, குடை எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு, வெயிலுக்கு என்றதாம். அன்றைக்கு ஒரு நாளில், பர்ஸைத் திறக்காமல் மொத்த ஊரையும் அக்காவுக்குக் காட்ட இருந்ததாகச் சொன்னதாம்.

அந்தக் கதையை வருகிற ஆட்களுக்கெல்லாம் முதலாளி சொன்னார். இனிமேல் ஃபேக்ஸில் வியாபாரம் தவிர வேறு எழுதக்கூடாது, போகிற தாளெல்லாம் தன் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். மார்செய் கம்பெனிக்காரர், சரக்கு விவரம் உங்களைவிட அந்தப் பெண்ணுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது, அடுத்த முறை கூட்டி வாருங்கள் என்று சொன்னாராம். "பாஸ்போர்ட்டு எடுத்து வெச்சுக்க அம்மணி, பாக்கலாம்" என்றார்.

பாக்கலாம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அவர் அதில் முன்பாதியைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் அதெல்லாம் எதுக்கு என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஒருநாள் நான் ஊசியும் மிஷின் சாமானும் வாங்கக் கோயமுத்தூர் கிளம்பியபோது, அக்கா பையோடு வந்து வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். காந்திபுரத்தில் பாஸ்போர்ட் எழுதித் தருகிற ஏஜெண்டு ஒருவரை விசாரித்து வைத்திருந்தார். முதலாளி ஊரில் இல்லை. அண்ணனுக்குச் சொல்லவில்லை.

அவிநாசி தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கருமத்தம்பட்டி வரும்போது கேட்டார்.

"டிரைவருங்க, திருப்பூர்ல இருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸு எங்க நிக்குமுங்க?"

கேலி செய்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. மார்செய் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர பஸ் எந்த வாசலில் நிற்கும் என்று அவர் எனக்கு மனப்பாடமாகச் சொன்னவர். பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கும் என்றேன். பரீட்சை எழுத மூன்று தடவை கோயமுத்தூர் வந்ததாகவும், மூன்று தடவையும் அண்ணன் டிவிஎஸ்ஸில் கூட்டி வந்து பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார்.

ஏஜெண்டு நல்ல சுறுசுறுப்பான ஆள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர் என்று கேட்டுக் கேட்டு விண்ணப்பப் பாரத்தில் எழுதிக்கொண்டே போனார். கல்யாணம் ஆச்சுங்களா என்று கேட்டார்.

"ஆச்சுங்க. இப்ப இல்லீங்க."

"டைவர்ஸுங்களா?"

"பெரியவங்க ஒக்காந்து பேசித் தீத்துட்டாங்க."

"பேப்பர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அக்கா யோசித்தார். "பேப்பர் எதுவும் எழுதலீங்க. குடுத்த சாமானெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்க. அண்டா, குத்துவெளக்கு, பீரோ, அல்லாம் ஊட்டுக்கு வந்துருச்சு."

ஏஜெண்டு பேனாவை மூடினார். "அண்டாவைக் காட்டி பாஸ்போர்ட்டு வாங்க முடியாதுங்க, அம்மணி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வழியையும் சொன்னார். ஒன்று கோர்ட்டுக் காகிதம். இல்லையென்றால் வீட்டுக்காரர் பெயரை எழுதி, அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம். கல்யாணமே ஆகவில்லை என்று எழுதினால், போலீஸ் பக்கத்து வீட்டில் விசாரிக்க வரும், அங்கே யார் வாயைக் கட்டுவது? ஊருக்கு முன்னால் எட்டு வருடமாக அவர் யாருக்கும் மனைவி இல்லை. அந்தப் பாரத்துக்கு முன்னால் இன்னும் மனைவிதான்.

திரும்பி வரும்போது அந்தப் பாரத்தை மடியில் விரித்துவைத்தபடியே வந்தார். கோர்ட்டுக்குப் போகலாமே என்றேன். அண்ணனிடம் முன்பே ஒருமுறை அந்தப் பேச்சு வந்ததாம். தீர்ந்ததைக் கிளறினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டாராம். "சரிதானுங்க" என்று அவரே அண்ணனுக்காகவும் சொல்லிக்கொண்டார். அக்காவிடம் எனக்கு எரிச்சல் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அக்காவைக் கட்டியிருந்த அந்த ஆள் வெள்ளகோவிலில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். நான் போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் எழுந்து நின்று வாங்க என்றார், புண்ணாக்கு மூட்டையைத் தட்டி உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். "அம்மணி சௌக்கியமா இருக்குதுங்களா? நல்லாப் படிச்ச புள்ளைங்க. எங்கம்மாவுக்கும் அதுக்கும் ஒத்துப் போகலை, அவ்வளவுதானுங்க" என்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பாரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுதாகப் பார்த்தார். பிறகு மடிப்பு கலையாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டா இன்னும் என்ற சம்சாரம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. உள்ள ஒருத்தி இருக்கறா. ரெண்டு கொழந்தைங்க. நீங்களே சொல்லுங்க."

பாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன். டீ நன்றாக இருந்தது. கிளம்பும்போது ரோடு வரைக்கும் கூட வந்து, "போயிட்டு வாங்க" என்று சொல்லி பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். கை ஓங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "நல்லா இருக்காருங்களா?" என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன். பாரத்தை மேசை டிராயரில் வைத்துவிட்டு, வந்திருந்த அளவுத் தாளைச் சரிபார்க்க ஆரம்பித்தார். அடுத்த கண்காட்சிக்கு முதலாளி தன் மச்சினனைக் கூட்டிப் போக டிக்கெட் போட்டார். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அந்தம்மா மட்டும் விடவில்லை. ஆர்டர் தாளின் அடியில் ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு வார்த்தை, வென்? எப்போது? முதலாளிக்கே அது சங்கடமாகிவிட்டது. வரலைன்னு எழுதி முடிச்சுவிடு அம்மணி என்றார். அதை எழுத அக்காவுக்கு மூன்று நாள் ஆயிற்று. மற்ற விவரமெல்லாம் எழுதி, அடியில் இடம் விட்டு, ஹாரன் கேட்டதும் தாளை டிராயரில் போட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் நான் சிலிப்போடு நிற்கும்போது அந்தத் தாள் மெஷினில் போயிற்று. எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் அந்த மூன்று வார்த்தையின் உருவம் தெரியும். அன்றைக்கு அதில் நடுவே சின்னதாக இன்னொன்று இருந்தது. "நாட்டுங்க. இல்லைன்னு அர்த்தம்" என்று அவரே சொன்னார்.

ஒரு மாதம் கழித்து நான் வேலையை விட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். பொள்ளாச்சியில் தேங்காய் லோடுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

அவர் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். புதிதாக வந்தது, முதலாளியும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்தாராம். நீளமாக ஒரு கோடு, அதுதான் பெஞ்சு. கீழே அலை அலையாகக் கடல். கோட்டில் ஓர் இடத்தில் சின்னதாகக் கட்டம் போட்டுக் கறுப்படித்திருந்தது. நம்ம ஊரில் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் என்று அக்கா எப்போதோ எழுதியிருக்கிறார். அந்தம்மா அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழமை அங்க போனா பக்கத்துல அதோட துண்டைப் போட்டு வெச்சுக்குதாமுங்க. ஆராச்சும் கேட்டா, ஆளு வருதுன்னு சொல்லுதாம்." தாளை மறுபடியும் கண்ணாடிக்கு அடியில் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினார். "ஓசிதானுங்க."

"சரிங்கக்கா, வாரேனுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"வர மாட்டீங்க டிரைவருங்க. போறேன்னே சொல்லுங்க. ஒண்ணும் ஆயிராது."

ஆயுளில் ஒருவரிடமும் சொல்லாத சொல். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"போறேனுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, பனியனைக் கழற்றி நாற்காலியில் போட்டு, மெஷினைத் துணி போட்டு மூட ஆரம்பித்தார்.